கருப்பாத்தாள் ஊர் சுற்றிய மூன்று நாள்

காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிப்பார்கள். சண்முகப்பிரியா அந்தப் புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வடவள்ளியில் ஒரு பூந்தோட்டத்தின் வாசலில் ஆரம்பித்தாள்.

கையில் இருந்த ஒரே துப்பு ஒரு டிக்கெட். 'பூஞ்சோலை கார்டன். பெரியவர் ஒருவர். எண் 421.' திங்கட்கிழமை தேதி.

டிக்கெட்டைக் கொடுத்தவன் சுரேந்தர். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவன். காலை ஏழு மணிக்கு ராம்நகரில் அவளுடைய துப்பறியும் நிலையத்தின் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அம்மா கருப்பாத்தாளுக்கு அறுபத்து நாலு வயது. ஆறு மாதமாக மறதி. திங்கட்கிழமை எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினாளாம். எங்கே போனாய் என்றால் தெரியவில்லை. கட்டிலில் இந்த டிக்கெட் மட்டும் கிடந்திருக்கிறது. செவ்வாய் விடிகாலை மறுபடி கிளம்பியவள் திரும்பவே இல்லை.

"மத்தியானம் மூணு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க அம்மணி. பெரிய டாக்டரு. ஆறு மாசம் காத்திருந்து வாங்கின அப்பாயின்ட்மென்ட்டு. இன்னிக்கு வுட்டா இனி எப்பவோ. மாத்திரை வேற போடலீங்க" என்றான். கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டான். போகிற இடங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று அவளுடைய லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். போலீசுக்குத் தேவைப்படுமாம்.

பத்து வருடமாக மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக் கொடுக்கிற தொழில் அவளுக்கு. இல்லாத வேலையைச் சொன்னவன், இருக்கிற மனைவியை மறைத்தவன் என்று எத்தனையோ மகன்களைப் பார்த்தவள். அம்மாவுக்காக அழுகிற மகன் ஒருவன் வந்ததும் மனசு இளகிப் போனது.

"ஸ்கூட்டரை நிழல்ல நிறுத்துங்க அம்மணி. சீட்டு சூடாச்சுன்னா எனக்கு வேலை ஓடாது" என்றபடி பின்னாலிருந்து இறங்கினார் அவளுடைய உதவியாளர் தம்பிதுரை. முப்பது வருடம் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தோல்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அதில் இப்போது வெற்றிலையும் பவர் பேங்கும்.

தோட்டக்காரர் மாசாணம், சுரேந்தர் போனில் அனுப்பியிருந்த அம்மாவின் போட்டோவைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"இந்தம்மாளுங்களா? மறக்க முடியுமுங்களா!"

"என்ன பண்ணாங்க?"

"வர்றவங்க எல்லாம் பூவுக்கு முன்னால நின்னு செல்ஃபி புடிப்பாங்க. இந்தம்மா பூவைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. நேரா பொறகால இருக்கற தென்னங்கன்னுகிட்டப் போயி, 'அட சாமி, உன்னைய இப்படி வுட்டுப்போட்டாங்களே'ன்னு அதுகிட்டப் பேசுதுங்க. அப்பறம் என்ற குடையைப் புடுங்கிக் கம்பி ஒண்ணை ஒடிச்சு, குருத்துக்குள்ள வுட்டுக் குத்தி எடுத்துச்சு பாருங்க, இத்தாச்சோடு பெரிய வண்டு! கொம்பு வெச்ச வண்டு!"

"குடைக்கு நஷ்டஈடு கேட்டீங்களா?" என்றார் தம்பிதுரை.

"கேக்கறதா? நானு கையெடுத்துக் கும்புட்டேனுங்க. நாலு கன்னு செத்துப்போச்சு, ஏன்னே தெரியல எனக்கு. 'மாசாணம், வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு, மணலு ரெண்டு பங்கு, கலந்து மட்டை இடுக்குல போடு'ன்னு சொல்லிக் குடுத்துச்சுங்க. காலைல ஒருக்காத்தான் என்ற பேரைச் சொன்னேன். சாயங்காலம் போறப்ப பேரைச் சொல்லிக் கூப்புட்டு, சம்சாரத்துக்கு முட்டிவலின்னு சொன்னனே, அதையும் விசாரிச்சுப்போட்டுப் போச்சுங்க."

"அப்புறம் எங்க போறேன்னு சொன்னாங்களா?"

"உக்கடம் கொளத்துல படகு வுடறாங்களாமேன்னு கேட்டுச்சுங்க. நாளைக்கு அங்கதான்னுச்சு."

சண்முகப்பிரியா ஸ்கூட்டர் சீட்டில் லெட்டர்பேடை வைத்து எழுதினாள். சுருக்கமாக எழுதுவதில் அவளுக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. ஒரு பக்க விஷயத்தை இரண்டு வரியில் அடைத்துவிடுவாள்.

'திங்கள். பூந்தோட்டம். மரத்தோடு பேசினார். தோட்டக்காரரின் குடையைப் பறித்து உடைத்தார்.'

தம்பிதுரை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "அம்மணி, மறதிக்காரங்களுக்குப் பேரு நிக்காதுங்களே. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, என்னையவே மூணு மாசம் வேலுச்சாமின்னு கூப்பிட்டீங்க."

"ஏறுங்க துரைண்ணா. மணியாகுது."

போட்டோ போய்ச் சேர்ந்த அரை நிமிடத்தில் சுரேந்தரிடமிருந்து பதில் வந்தது. 'சூப்பருங்க. இதே மாதிரி சுருக்கமா எழுதுங்க.'

உக்கடம் பெரியகுளத்தில் வெயில் ஏறியிருந்தது. நடைபாதையில் இரண்டு காதல் ஜோடிகளும் ஒரு நாயும் மட்டும். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த இளைஞன் பெயர் கிருபாசங்கர்.

"நேத்து பதினோரு மணிக்கு வந்தாங்க மேடம். எல்லாரும் மொதல்ல ஜாக்கெட் கேப்பாங்க. இவங்க செருப்பைக் கழட்டிக் கரையில வெச்சாங்க. குனிஞ்சு தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் கொளத்தைப் பார்த்து ஒரு கும்புடு. எனக்கே நான் ஏதோ கோயில்ல வேலை பாக்கறாப்பல ஆகிருச்சு."

"படகுல ஏதாச்சும் பேசினாங்களா?"

"பேசினாங்களாவா? 'இது எத்தனை ஏக்கரு கண்ணு?'ன்னு கேட்டாங்க. முந்நூறுக்கு மேல இருக்கும்னேன். அவ்வளவுதான். எத்தனை தோப்புக்கு எத்தனை நாள் பாயும்னு கரை வர்ற வரைக்கும் கணக்கு. எறங்கறப்ப நான் ஜாக்கெட் நம்பரை மாத்தி எழுதிட்டேன். 'ஒன்பது என்னுது, பதினாலு அந்தப் புள்ளைது'ன்னு அவங்கதான் திருத்தினாங்க."

"எங்க பஸ்ஸுக்கு இப்படி ஒரு ஆளு கெடைச்சிருந்தா நானு முப்பது வருஷம் கணக்குல ஒதை வாங்கியிருக்க மாட்டேன்" என்று பெருமூச்சு விட்டார் தம்பிதுரை.

"இன்னிக்கு எங்க போறேன்னு ஏதாச்சும்?"

கிருபாசங்கர் சிரித்தான். "சொன்னா நம்ப மாட்டீங்க. விடிகாலை ரேஸ்கோர்ஸ்ல சிரிக்கப் போறேன்னாங்க."

லெட்டர்பேடில் இரண்டாவது தாள். 'செவ்வாய். பெரியகுளம். ஏரியைக் கும்பிட்டார். வெறுங்காலோடு படகில் ஏறினார்.'

"செருப்பைக் கழட்டறது மறதியாங்க அம்மணி? நானு மொத நாள் டூட்டிக்கு பஸ்ஸைத் தொட்டுக் கும்புட்டுத்தான் ஏறினேன்."

"க்ளையன்ட்டுக்கு அவங்க எங்க போனாங்க, என்ன செஞ்சாங்கன்னு தெரியணும். கதை வேண்டாம் அண்ணா."

"கதையை எடுத்துட்டீங்கன்னா மிச்சம் இருக்கறதைப் படிச்சா வேற கதையாட்ட இருக்குதுங்க" என்று முனகியபடி அவர் ஏறிக்கொண்டார். அவள் காதில் அது விழுந்தது. ஆனால் கடிகாரத்தில் பத்தே முக்கால். மாத்திரை போடாத ஒரு வயதான பெண் இந்த வெயிலில் எங்கோ அலைந்துகொண்டிருக்கிறாள் என்பதுதான் அவள் மனசில் நின்றது.

ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை நடைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். மரநிழலில் முடக்கத்தான் சூப் விற்கிற வண்டி மட்டும் மூடாமல் இருந்தது. வண்டிக்காரி இல்மா, அங்கே தினமும் ஆறு மணிக்குக் கூடுகிற சிரிப்பு கிளப்பிலும் உறுப்பினர்.

"காலைல புதுசா ஒரு அம்மா வந்தாங்கக்கா. நாங்க பதினஞ்சு பேரு வட்டமா நின்னு கையைத் தூக்கிச் சிரிப்போம். இவங்க அஞ்சு நிமிஷம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. கூச்சம். நான் போய்க் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்தேன். அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க! நாங்கல்லாம் முடிச்சு சூப் குடிக்க வந்துட்டோம். அவங்க இருபது நிமிஷமா நிறுத்தலை. கண்ணுல தண்ணியா ஊத்துது. சிரிக்கறாங்க."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"'வெளிய சத்தமாச் சிரிச்சதே இல்ல கண்ணு, நாளைக்கும் வந்தா சேத்துக்குவீங்களா'ன்னு கேட்டாங்க. அப்புறம், வ.உ.சி. பார்க்குல உக்காந்திருப்பேன், மூணு மணிக்கு ஒரு சோலி இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

மூன்று மணி. டாக்டர். சண்முகப்பிரியாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நேரமாவது ஞாபகம் இருக்கிறதே.

"பெரிய டாக்டருதானுங்க அவரு. மறதிக்காரங்களே மறக்கறதில்ல" என்றார் தம்பிதுரை சூப்பை ஊதிக்கொண்டு.

மூன்றாவது தாள். 'புதன். ரேஸ்கோர்ஸ். காரணமில்லாமல் இருபது நிமிடம் சிரித்தார். கண்ணீர் விட்டார்.' கையெழுத்து. நிலையத்தின் முத்திரை. போட்டோ. அனுப்பியாகிவிட்டது.

வ.உ.சி. பூங்காவில் கருப்பாத்தாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச். கத்திரிப்பூ நிறத்தில் இஸ்திரி கலையாத சேலை. மடியில் தக்காளிச் சாத டப்பா. சறுக்குமரத்தில் சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தாள்.

சண்முகப்பிரியா பத்தடி தள்ளி நின்று லொகேஷனை அனுப்பினாள். 'அம்மா கிடைத்துவிட்டார். நலமாக இருக்கிறார். உடனே வாருங்கள்.'

அம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று போன் வரும் என்று மதியம் ஒன்றரை மணி வரை காத்திருந்தாள். வரவில்லை. ஒரு செய்திதான் வந்தது.

'ரொம்ப நன்றிங்க. மூணு தாளும் வந்துருச்சு. போதும்.'

அவள் அவனைக் கூப்பிட்டாள்.

"எப்ப வர்றீங்க சார்?"

"நான் எதுக்குங்க வரணும்? அவங்களே வந்துருவாங்க" என்றான் சுரேந்தர். காலையில் கேட்ட அழுகைக் குரல் எங்கே போனதோ. போன் வைக்கப்பட்டது.

"என்னங்க அம்மணி, மூஞ்சி கறுத்துப்போச்சு?"

"வர மாட்டானாம்."

"தேடச் சொன்னவனுக்கே வேண்டாம்னா, நம்மளை எதுக்குங்க தேட வுட்டான்?" என்றார் தம்பிதுரை. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

சண்முகப்பிரியா நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க பெரியநாயக்கன்பாளையம் கருப்பாத்தாள்தானுங்களே?"

"ஆமா கண்ணு. நீ யாரு? ஒறம்பரையா, எந்த வழிச் சொந்தம்? சாப்பிட்டயா?" டப்பா மூடியில் ஒரு கை சாதம் எடுத்து வைத்து நீட்டிவிட்டுத்தான் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"மூணு மணிக்கு டாக்டர்கிட்டப் போகணும்னு ஞாபகம் இருக்குங்களா?"

"டாக்டரா? எனக்கென்ன கேடு? மூணு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல, கோட்டாட்சியர்கிட்ட விசாரணை."

சண்முகப்பிரியாவின் கை மூடியோடு அப்படியே நின்றது.

கருப்பாத்தாள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்ன வார்த்தைக்காக. எழுதின நாலாம் மாதமே அவளுடைய கட்டில் மோட்டார் ரூமுக்குப் போனது. இப்போது தோப்பை வெட்டி சைட் போட்டு விற்கப் போகிறான். எழுதினதை ரத்து செய்யச் சொல்லி மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு போட்டிருக்கிறாள். இன்று விசாரணை.

"அப்ப திங்கக்கிழமை ஊட்டை விட்டு..."

"விடிகாலைல பொறப்பட்டுப்போட்டேன். இருந்தா விசாரணைக்குப் போக வுடாம ரூமுல வெச்சுப் பூட்டிப்போடுவான்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் அந்த ஊட்டு வாசலை நானு மிதிக்கல. காந்திபுரத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல படுக்கை. பகல் பூரா பார்க்கு. என்ற மவன் எங்க வேணா தேடுவான், பார்க்குல தேட மாட்டான் பாரு. கருப்பாத்தாளாவது, பார்க்குக்குப் போறதாவது! நாப்பது வருஷமா இந்த ஊருக்கு எளநி ஏத்தி வுட்டவ கண்ணு நானு. ஒருநா சுத்திப் பாத்ததில்ல."

"திங்கக்கிழமை சாயங்காலம் நீங்க ஊட்டுக்குப் போகவே இல்லீங்களா?"

"அதான் சொல்றனே."

சண்முகப்பிரியா 421ஆம் எண் டிக்கெட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "அப்ப இது?"

கருப்பாத்தாள் அதைப் பார்த்தாள். நகைக்கடைப் பர்ஸைத் திறந்தாள். உள்ளே படகு ரசீதுக்கும் ஹாஸ்டல் ரசீதுக்கும் நடுவில் மடிப்புக் கலையாமல் இருந்த டிக்கெட்டை எடுத்தாள். "என்னுது எங்கிட்டயேதான் இருக்குது."

தம்பிதுரை இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த விரல்கள்.

"இதுவும் திங்கக்கிழமை. அம்மாளுது நானூத்திப் பதினேழு. அவன் குடுத்தது நானூத்தி இருவத்தொண்ணு. நடுவுல மூணே டிக்கெட்டுங்க அம்மணி." நிறுத்தினார். "அம்மாளுக்குப் பொறகால நாலாவது ஆளா வரிசையில நின்னு வாங்கியிருக்கான்."

சறுக்குமரத்துப் பிள்ளைகள் மறுபடி சண்டை போட்டார்கள். கருப்பாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கயே என்னையப் பார்த்திருக்கானா?"

"பார்த்திருக்கானுங்க."

"பூட்டிப்போட ஆசைப்பட்டவன் அங்கயே இழுத்துட்டுப் போயிருக்கலாமே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சண்முகப்பிரியாவின் போனில் இருந்தது. அவள் அந்த மூன்று தாள்களைத் திறந்து வரிசையாகப் படித்தாள். மரத்தோடு பேசினார். குடையை உடைத்தார். ஏரியைக் கும்பிட்டார். காரணமில்லாமல் சிரித்தார். கண்ணீர் விட்டார். கீழே அவளுடைய கையெழுத்து. முத்திரை.

தேடச் சொல்லி யாரும் அவளை அமர்த்தவில்லை. தேடியதாக எழுதித் தரத்தான் அமர்த்தினார்கள்.

"அம்மா, உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு விசாரணையில சொல்லப் போறாங்க. அதுக்கு சாட்சி எழுதிக் குடுத்தது நான்தானுங்க" என்றாள். ஒவ்வொன்றாகப் படித்தும் காட்டினாள். மறைக்க நினைக்கவில்லை. மறைக்க நேரமும் இல்லை.

கருப்பாத்தாள் கோபப்படவில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நானு அந்தத் தோட்டத்துக்குப் போவேன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"நீங்க அங்க போறது யாருக்கெல்லாம் தெரியுமுங்க?"

"என்ற மவ செல்விக்குத்தான். சரவணம்பட்டியில இருக்கறா. அண்ணன் பூட்டிப்போடுவான், நீ கோயமுத்தூர் போயி நாலு எடம் பாருன்னு எந்தெந்த நாளு எங்கன்னு எழுதிக் குடுத்ததே அவதான். அந்தச் சிரிப்பு கிளப்பைச் சொன்னதும் அவதான். 'போம்மா, வாய்விட்டுச் சிரிம்மா'ன்னா." தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. செல்வி அப்படிப்பட்டவ இல்ல. அவளுக்கும் அஞ்சு சென்ட் இடம் எழுதிக் குடுத்தேன். அதை நானு மனுவுல கேக்கவே இல்ல. அவ நல்லவ."

பட்டன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகக் குரல் சொன்னது. அதே நேரத்தில் சண்முகப்பிரியா சுரேந்தரைக் கூப்பிட்டாள். அவனும் வேறொரு அழைப்பில்.

இரண்டு பெண்களும் போனைக் காதில் வைத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டு போனிலும் அதே பதில்.

கருப்பாத்தாள் டப்பாவை மூடினாள். "மணி என்ன?"

"ரெண்டேகாலுங்க. ஆட்டோ புடிக்கட்டுமா? நாங்களும் வாரோம்."

"நீ என்னத்துக்குக் கண்ணு? நீ அவனுக்கு எழுதினவ." திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. இன்ன பஸ் இந்த வழியாகப் போகும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எழுந்து நடந்தாள். தம்பிதுரை முன்னால் ஓடி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். சண்முகப்பிரியா ஸ்கூட்டரில் பின்னால் போனாள்.

கோட்டாட்சியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மேஜையில் மூன்று தாள்களின் பிரிண்ட்டுகளும் முன்பே இருந்தன. சுரேந்தர் வெள்ளைச் சட்டையில் பவ்யமாக நின்றான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஹேண்ட்பேகை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. அம்மாவின் அதே மூக்கு. சண்முகப்பிரியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்புச்செல்வி.

"எங்கம்மாளைக் குத்தம் சொல்ல வரலீங்க மேடம். புத்தி பேதலிச்சுப்போச்சு. யாரோ தூண்டி வுட்டு மனுவுல கையெழுத்து வாங்கிப்போட்டாங்க. நானா சொல்லல. ஒரு துப்பறியும் நிலையம் விசாரிச்சு எழுதினது அங்க இருக்குதுங்க."

கோட்டாட்சியர் உரக்கப் படித்தார். மரத்தோடு பேசினார் என்றதும் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். காரணமில்லாமல் இருபது நிமிடம் சிரித்தார் என்றதும் சிரிப்பு நின்று 'ச்சு' கொட்டும் சத்தம் கேட்டது. கருப்பாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கண்கள் கோட்டாட்சியரையோ மகனையோ பார்க்கவில்லை. மகளுடைய ஹேண்ட்பேகைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதை எழுதினது யாரு?"

"நான்தானுங்க." சண்முகப்பிரியா எழுந்தாள். "கையெழுத்து என்னுது. எழுதினதெல்லாம் நடந்ததுதான். எழுதாம விட்டதாலதான் அது பொய்யாயிருச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னாள். குருத்துக்குள் இருந்த வண்டைச் சொன்னாள். வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று சொன்னாள். தோட்டக்காரரின் மனைவிக்கு முட்டிவலி என்று சொன்னாள். அது சிரிப்பு கிளப் என்று சொன்னாள். சுருக்கவே இல்லை. பத்து வருடத்தில் இவ்வளவு நீளமாக அவள் எதையும் சொன்னதில்லை. கடைசியில் இரண்டு டிக்கெட்டுகளையும் மேஜையில் வைத்தாள். "என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டேனுங்க. எனக்குக் கண்ணு முன்னாலயே எல்லாம் இருந்துச்சு. நான்தான் ரெண்டு வரியில அடக்கினேன். என் நிலையத்து மேல நடவடிக்கை எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க."

கோட்டாட்சியர் கருப்பாத்தாள் பக்கம் திரும்பினார். "படகுல போனீங்களாம்மா?"

"போனேனுங்க."

"லைஃப் ஜாக்கெட் போட்டீங்களா?"

"போட்டேனுங்க. நம்பரு ஒன்பது. பக்கத்துல இருந்த புள்ளைது பதினாலு. அந்தத் தம்பி மாத்தி எழுதிப்போட்டான், நாந்தான் திருத்தினேனுங்க."

பின் வரிசை இப்போது வேறு மாதிரி சிரித்தது. கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. 421ஆம் எண் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். "திங்கக்கிழமை உங்கம்மாவை நேர்லயே பார்த்திருக்கீங்க சுரேந்தர். புத்தி சரியில்லாத அம்மாவை அங்கயே விட்டுட்டு வந்தீங்களா? அவங்க அங்க வருவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சுரேந்தர் தங்கையைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

மூன்று தாள்களையும் ஏற்க முடியாது என்று கோட்டாட்சியர் குறித்துக்கொண்டார். இறுதி உத்தரவு வரும் வரை தோப்பை விற்கவோ ஒரு மரத்தை வெட்டவோ கூடாது, மனுதாரர் தன் வீட்டிலேயே குடியிருக்கலாம், தடுத்தால் போலீஸ் வரும் என்றார். அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் அன்புச்செல்வி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, நீ கோவப்படாத. என்ற ஊட்டுக்கு வா. அண்ணன்தான்... சைட் போட்டா எனக்கும் ரெண்டு சைட் தர்றேன்னு சொன்னான். உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டோம்னுதான் சொன்னான்."

கருப்பாத்தாள் கையை உதறவில்லை. மகள் பிடித்த பிடியிலேயே விட்டுவிட்டாள்.

"அந்தச் சிரிப்பு கிளப்புக்குப் போகச் சொன்னயே கண்ணு. அதுவும் இதுக்குத்தானா?"

அன்புச்செல்வி தரையைப் பார்த்தாள்.

"நானு அங்க நெசமாலுமே சிரிச்சேன் செல்வி."

தம்பிதுரை தோல்பையின் வாரைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். கருப்பாத்தாள் மெல்ல மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை எடுத்துக்கொண்டாள். வராந்தாக் கோடியில் மனு வாங்குகிற ஜன்னலுக்குப் போனாள். வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கினாள். திரும்பிப் பார்த்தாள். சண்முகப்பிரியா தூரத்தில் தூணோரமாக நின்றிருந்தாள், கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல்.

"இங்க வா கண்ணு. பேனா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எழுது. சரவணம்பட்டியில அஞ்சு சென்ட் இடம். எழுதி வாங்கினவ பேரு அன்புச்செல்வி, என்ற மவ." தாளை ஜன்னல் திட்டில் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாட்டி ஒண்ணையும் வுட்டுப்போடாத."